ஜப்பானின் இடிக்கடவுளர்

ஜப்பானியர் இடியை ஒரே தெய்வத்திடம் ஒப்படைக்கவில்லை. கி.பி. 712இல் தொகுக்கப்பட்ட 'கொஜிகி'யில், இறந்து பாதாளம் சென்ற தேவி இஸானாமியின் அழுகும் உடலில் தலை, மார்பு, வயிறு, கைகால் என எட்டு இடங்களில் எட்டு இடித்தேவர்கள் தோன்றுகிறார்கள். அவளைத் தேடிச் சென்ற கணவன் இஸானாகி, தன்னைத் துரத்தி வந்தவர்களைப் பீச் பழங்களை எறிந்து விரட்டுகிறான். கஷிமா ஆலயத்துத் தகெமிகசுச்சியோ வாள்முனையில் அமர்ந்து நாட்டை ஒப்படைக்குமாறு கேட்ட போர்த்தெய்வம். கியோத்தோவின் கமிகமோ ஆலயத்தில் உறைபவர், ஆற்றில் மிதந்து வந்த செந்நிற அம்பால் ஒரு கன்னிக்குப் பிறந்து, கூரையைப் பிளந்துகொண்டு வானேறிய மகன்.

இவர்களெல்லாம் புராணத்தில் பிறந்தவர்கள். சுகவாரா நோ மிச்சிசானே வரலாற்று மனிதர், கவிஞர், அமைச்சர். பொய்ப்பழி சுமந்து தொலைவிலுள்ள தசைஃபுவுக்கு அனுப்பப்பட்டு 903இல் அங்கேயே இறந்தார். 930இல் அரண்மனை மீது இடி விழுந்து பிரபுக்கள் மாண்டபோது, தலைநகரம் அதில் அவருடைய கோபத்தைக் கண்டது. கித்தானோவில் அவருக்குக் கோயில் எழுந்தது. இன்று மாணவர்கள் தேர்வுக்கு முன் அங்கே வேண்டிக்கொள்கிறார்கள். அநீதி செய்தவர்களின் அச்சமே ஒருவரைத் தெய்வமாக்கிய இந்தக் கதைதான் இவை எல்லாவற்றிலும் ஆழமானது என்பேன்.

நாம் படங்களில் காணும், முதுகைச் சுற்றி முரசு வளையம் தாங்கிய இடிக்கடவுள் ரைஜின், பௌத்தத்தோடு சீனா வழியே வந்த வடிவம். கியோத்தோவின் சஞ்சூசங்கெந்தோ கோயிலில் உள்ள காமகுரா காலச் சிலை அதன் உச்சம். ஓவியத்தில் அளவுகோல் வகுத்தவர் 17ஆம் நூற்றாண்டின் தவாராயா சோதாட்சு. பொன்தகடு ஒட்டிய இரட்டைத் திரையில் ரைஜினையும் காற்றுக் கடவுள் ஃபூஜினையும் இரு ஓரங்களுக்குத் தள்ளி, நடுவை வெறுமையாக விட்டார். முரசுகள் விளிம்பில் வெட்டுப்படுகின்றன. அதனாலேயே ரைஜின் இப்போதுதான் வானிலிருந்து பாய்ந்து வந்ததுபோல் இருக்கிறது. பின்னாளைய ஓவியர் ஒகாத்தா கோரின் அதைப் பார்த்து வரைந்தபோது முரசுகளைச் சட்டத்துக்குள் அடக்கினார். ஒழுங்கு கூடியது, வேகம் குறைந்தது. அவருக்கும் பின்வந்த சகாய் ஹோயிட்சு கோரினின் திரையைப் பின்பற்றித் தாமும் ஒன்று வரைந்தார். ஆனால் அவருடைய மேதைமை தெரிவது வேறிடத்தில். கோரின் திரையின் பின்புறத்தில், ரைஜினுக்குப் பின்னே மழையில் நனைந்த கோடைப் புற்களையும், ஃபூஜினுக்குப் பின்னே காற்றில் சாயும் இலையுதிர்காலப் புற்களையும் வெள்ளித் தளத்தில் தீட்டினார். முன்னோருக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி ஓவிய உலகில் அரிது.

ஆனாலும் மூன்று திரைகளில் சோதாட்சுவினுடையதே முதலாவது. அதற்கு உரிமையுடைய கென்னின்ஜி கோயிலில் இப்போது இருப்பது நகல். மூலம் கியோத்தோ தேசிய அருங்காட்சியகத்தின் காப்பில் உள்ளது. அங்கே செல்வதானால், மூலம் காட்சிக்கு வரும் நாளைக் கேட்டறிந்து பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். தெருவைக் கடந்தால் சஞ்சூசங்கெந்தோவின் சிலையையும் பார்த்துவிடலாம்.