கண்ணாடிப் பெட்டியும் கிளிஞ்சல் உடையும்

அலெக்சாண்டர் மெக்குவீன் 2000 செப்டம்பரில் லண்டனில் நடத்திய ‘வாஸ்’ ஃபேஷன் ஷோவைப் பற்றி யார் எழுதினாலும் கடைசி இரண்டு நிமிஷத்தில்தான் போய் நிற்கிறார்கள். கண்ணாடிச் சுவர்கள் விழுந்து நொறுங்க, உள்ளே பருமனான ஒரு பெண் உடையில்லாமல் சாய்ந்து கிடக்கிறார். முகமூடி, வாயில் குழாய், சுற்றிலும் அந்துப்பூச்சிகள். ரன்வே வரலாற்றிலேயே பெரிய காட்சி இதுதான் என்பார்கள். வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகும் எனக்கு அப்படித் தோணலை. அந்த ஷோ சொல்ல வேண்டியதை ஒரு கிளிஞ்சல் உடையிலேயே சொல்லி முடித்துவிட்டது. கடைசிக் காட்சி பாதி கடன், மீதி அதிர்ச்சி வைத்தியம்.

முதலில் ஷோ எப்படி நடந்ததுன்னு பார்ப்போம். ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிப் பார்வையாளர்களை உட்கார வைத்தார்கள். வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு. அதனால் பெட்டியின் சுவர் முகம் பார்க்கிற கண்ணாடி ஆகிவிட்டது. ஷோ தொடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடுத்தவர் என்ன உடுத்தியிருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று எடை போடுவதையே தொழிலாகக் கொண்ட கூட்டம், அவ்வளவு நேரமும் தன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. பிறகு விளக்கு மாறியது. உள்ளே மனநல விடுதி போன்ற வெள்ளை அறை, தலையில் கட்டுப் போட்ட மாடல்கள். இப்போது கண்ணாடி அவர்கள் பக்கம். வெளியே யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. தங்களை மட்டும்தான் பார்க்க முடியும்.

உடைகளில் அதிகம் பேசப்படுவது சிவப்பு உடை. கீழே சாயமேற்றிய நெருப்புக்கோழி இறகுகள். மேலே சிவப்பு பூசிய மைக்ராஸ்கோப் ஸ்லைடுகள் (பள்ளிக்கூட லேபில் வெங்காயத் தோலை வைத்துப் பார்த்தோமே, அதே கண்ணாடித் துண்டுதான்). தோலின் ஒவ்வொரு அடுக்குக்கும் கீழே ரத்தம் இருக்கிறது என்பது மெக்குவீனின் விளக்கம். அழகுதான். ஆனால் நான் சொல்ல வந்தது இது இல்லை.

சவரக்கத்தி மாதிரி நீண்டு ஒடுங்கிய ஒரு கிளிஞ்சல் உண்டு. இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் ஒதுங்குவது. அதைக் கழுவி, வார்னிஷ் பூசி, வரிசை வரிசையாகக் கோத்து ஒரு முழு உடை. போட்டுக்கொண்டு வந்தவர் எரின் ஓ'கானர். வந்தவர் நடந்துவிட்டுப் போகவில்லை. இரண்டு கையாலும் உடையைப் பிய்க்கிறார். கிளிஞ்சல்கள் நொறுங்கித் தரையில் சிதறுகின்றன. கரையில் கிடந்தபோதே அவற்றின் வேலை முடிந்திருந்தது, உடையில் வைத்து நாம் வேறு வேலை கொடுத்தோம், எரின் அதை உடைத்ததும் அந்த வேலையும் முடிந்தது, ஃபேஷன் மாதிரியே என்கிற அர்த்தத்தில் மெக்குவீன் அப்போது பேசியிருக்கிறார்.

இதன் வலி புரிய ரன்வே காலண்டர் தெரிய வேண்டும். 2001-இன் வசந்த, கோடை உடைகளைத்தான் 2000 செப்டம்பரில் காட்டினார்கள். அவை கடைக்கு வந்து சேரும் நேரத்தில் அடுத்த குளிர்கால ஷோ முடிந்திருக்கும். பிறகு தள்ளுபடி. ஒரு உடைக்கு உயிர் ஒரு சீசன். மற்ற டிசைனர்கள் நாசூக்காக மறைக்கிற இந்தக் கணக்கை மெக்குவீன் மேடையிலேயே, விற்க வந்த உடையின் மேலேயே செய்து காட்டினார். யாரையும் திட்டவில்லை, பயமுறுத்தவில்லை. ஒரு பெண், ஒரு உடை, நொறுங்குகிற சத்தம்.

இனி கடைசிக் காட்சி. அதன் மூலம் ஜோயல்-பீட்டர் விட்கின் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1983-இல் எடுத்த ‘சானிட்டேரியம்’. அந்தக் கருப்பு வெள்ளைப் படத்தில் சாய்ந்திருக்கும் பெண்ணின் குழாய் ஒரு பாடம் செய்த குரங்கோடு போய்ச் சேருகிறது. விட்கின் நெகட்டிவையே கீறுவார், பிரிண்டைக் கறைப்படுத்துவார். அதனால் படம் எங்கோ பழைய பெட்டியில் கிடைத்த 19-ஆம் நூற்றாண்டுப் படம் போல இருக்கும். யார் இவர், எந்தக் காலம், நோயாளியா, தேவதையா என்று முடிவுக்கு வர முடியாது. அந்தத் தூரம்தான் அந்தப் பெண்ணுக்கு ஒரு கண்ணியத்தைக் கொடுக்கிறது. மெக்குவீன் குரங்கை எடுத்துவிட்டு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்தார், சரி. கூடவே கீறலையும் கறையையும் காலத்தையும் எடுத்துவிட்டார். மிஞ்சியது ஒன்றுதான்: ஒல்லியான மாடல்களுக்குப் பிறகு ஒரு குண்டுப் பெண்.

அதில் கிடந்தவர் மிஷெல் ஆலி, எழுத்தாளர். அந்த அனுபவத்தை நாட்குறிப்பாகவும் எழுதினார். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம் பயப்படுவது குண்டு உடம்பைத்தான், அது நான்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆக அவர் ஏமாற்றப்பட்டவர் இல்லை. தெரிந்தே ஆயுதமாகப் போய் நின்றவர். என் புகார் ஆயுதத்தைத் தூக்கியவர் மேல். அந்த ஷோவில் நடந்த மாடல்களில் அப்படி ஓர் உடம்பு ஒன்றுகூட இல்லை. பயமுறுத்த மட்டும் உள்ளே விடுவது, உள்ளே விடாததைவிட எப்படி மேல்? பார்வையாளர்களின் பயத்தைக் கேலி செய்வதாகச் சொல்லிக்கொண்டு அதே பயத்தைத்தானே நம்பியிருக்கிறது அந்தக் காட்சி? கைதட்டியவர்களுக்கும் அது வலித்திருக்காது. ஷோ நடந்து மூன்றே மாதத்தில், டிசம்பரில், குச்சி குழுமம் மெக்குவீன் கம்பெனியில் 51 சதவீதத்தை வாங்கியது.

மெக்குவீன் 2010-இல் இறந்துபோனார். அடுத்த வருஷம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் ‘சாவேஜ் பியூட்டி’ என்று அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. ஆறரை லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அதன் புத்தகத்துக்குப் படம் எடுத்தவர் நார்வேக்காரர் சோல்வே சுண்ட்ஸ்போ. உயிருள்ள மாடல்களுக்கே உடையைப் போட்டு, மேக்கப்பாலும் ரீடச்சாலும் அவர்களைக் கடை பொம்மை மாதிரி ஆக்கி எடுத்த படங்கள் அவை. மூட்டு இணைப்புகூடத் தெரியும். கிளிஞ்சல் உடையும் அதில் இருக்கிறது. பளபளவென்று, வரிசை கலையாமல். படத்தை அதன் பாட்டுக்குப் பார்த்தால் அருமைதான். ஆனால் கையோடு அந்தப் பழைய ஷோ வீடியோவையும் பாருங்க. அதில் எரினுடைய கை ஓயவே ஓயாது.