வினைமுதல் எங்கே?

விலங்கியல் படிக்கும் மாணவி ஒருத்தி, தன் கருத்தரங்கக் கட்டுரையின் தமிழைத் திருத்தித் தரச்சொல்லி வந்தாள். 'பெண்ணின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று, கருப்பருவத்திலேயே மௌனமாக்கப்படுகிறது' என்று எழுதியிருந்தாள். எனக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. உயிரணுவுக்குள்ளும் வாய்ப்பூட்டா என்று அன்றிரவே ஒரு கவிதை எழுதினேன். நல்லவேளை, எங்கும் அனுப்பவில்லை.

தமிழாசிரியை முதலில் கேட்டிருக்க வேண்டியது வேறு. செயப்பாட்டுவினை சரி, வினைமுதல் எங்கே? எலிகளின் உரோமத் திட்டுகளைக் கொண்டு மேரி லயன் 1961இல் இந்த அடக்கத்தை ஊகித்தார். வினைமுதல் தென்பட 1991 ஆயிற்று: எக்ஸிஸ்ட் என்னும் ஆர்என்ஏ. அடங்கப்போகும் எக்ஸிலிருந்தே அது பிறக்கிறது. புரதம் செய்ய உட்கருவை விட்டு வெளியேறுவதில்லை. தன்னைப் பெற்ற குரோமோசோமின் மேலேயே நெடுகப் படர்கிறது. புரதங்களைக் கூட்டிவருகிறது. அவை குரோமாட்டினை இறுக்குகின்றன. டிஎன்ஏயில் ஓர் எழுத்தும் அழிவதில்லை; படிக்க முடியாதபடி ஏடு மூடப்படுகிறது, சேய் செல்களிலும் மூடியே இருக்கிறது.

இவ்வளவும் செய்வதற்குப் பெயர் 'புரதக் குறியீடற்ற ஆர்என்ஏ'. பெறாதவளை மலடி என்றே அழைத்துப் பழகிய மொழிக்கு இது புதிதல்ல.

கட்டுரையில் இன்னொரு சொல், 'மிகை'. ஆணுக்கு ஓர் எக்ஸ், பெண்ணுக்கு இரண்டு. ஆகவே பெண்ணிடம் மிகை, குறைக்க வேண்டும். யாரை அளவுகோலாக வைத்து? பழ ஈயில் நடப்பது நேரெதிர். அங்கே ஆணின் ஒற்றை எக்ஸ் ஏறக்குறைய இருமடங்கு உழைத்து ஈடுகட்டுகிறது. அதற்கும் ஆர்என்ஏக்களே துணை. பெண் ஈயின் இரண்டு எக்ஸும் திறந்தே கிடக்கின்றன.

என் கவிதையும் யோக்கியமானதல்ல. மனிதரில் அடங்கிய எக்ஸின் மரபணுக்களில் சுமார் 15 விழுக்காடு அடங்காமல் இயங்குகின்றன என்று அறிந்ததும், திருத்திய படியில் அவற்றைக் கலகக்காரிகள் ஆக்கினேன். என் தோழிக்கு லூபஸ். அந்நோய் கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அப்படி அடங்காத மரபணு ஒன்றுக்கு அதில் பங்குண்டு என்கிறார்கள். எக்ஸிஸ்டும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதல்ல: நோய்க்கு இடங்கொடுக்கும் ஆண் எலிகளில் அதை உருவாகச்செய்து லூபஸைத் தூண்டியபோது, நோய் பெண் எலிகளின் அளவை நெருங்கியதை 2024இல் வந்த ஆய்வு காட்டியது. மூட்டு வீங்கிப் படுத்திருப்பவளிடம் கலகக்காரிகளை எந்த முகத்தோடு வாசித்துக் காட்டுவது? கிழித்துவிட்டேன்.

கட்டுரையில் 'மௌனமாக்கப்படுகிறது' என்பதை அடித்து, 'அடங்குகிறது' என்று போட்டேன். "அதுவும் பொம்பளைக்குச் சொல்ற சொல்தானேம்மா" என்றாள். வேறு சொல் இன்னும் கிடைக்கவில்லை.