பத்தாண்டு கழித்து வலுத்த புயல்

1992 ஆகஸ்ட் 24 அன்று தெற்கு ஃபுளோரிடாவைச் சூறையாடிய ஆண்ட்ரூ புயலுக்கு ஐந்தாம் வகை என்ற தகுதி 2002இல்தான் கிடைத்தது. அடித்து ஓய்ந்து பத்தாண்டு ஆன புயலின் காற்று வேகம், ஏட்டில் மணிக்கு 233 கிலோமீட்டரிலிருந்து 266 ஆனது. வேடிக்கையாகத் தோன்றினாலும் திருத்தம் நியாயமானது. புயலுக்குள் நுழையும் விமானம் சுமார் 3 கிலோமீட்டர் உயரத்தில் காற்றை அளக்கிறது. தரையருகே அதில் 75, 80 விழுக்காடு இருக்கும் என்று அன்று எடுத்துக்கொண்டார்கள். 1997 முதல் விமானத்திலிருந்து போடப்பட்ட ஜிபிஎஸ் கருவிகள், புயற்கண்ணைச் சுற்றிய பகுதியில் அது 90 விழுக்காடு வரை இருப்பதைக் காட்டின. மேலே அளந்தது சரி, கீழே இறக்கிய கணக்குதான் பிசகு.

அட்லாண்டிக் புயல்களின் பதிவேடான 'ஹர்டாட்' 1960களில் அமெரிக்க விண்வெளித் திட்டத்தின் தேவைக்காகத் தொகுக்கப்பட்டது. அதை 1851 வரை பின்னோக்கி நீட்டித் திருத்தும் மறுஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் கிறிஸ் லாண்ட்ஸி. ஆனால் அதன் அடித்தளம் ஃபெர்னாண்டஸ் பார்டகாஸ் என்ற கியூபாக்காரரின் உழைப்பு. பழைய செய்தித்தாள்களிலும் கப்பல் குறிப்புகளிலும் புயலைத் தேடிய மனிதர் அவர். எந்தத் துறைமுகத்தில் காற்று எந்தத் திசைக்கு மாறியது, எந்தக் கப்பலின் காற்றழுத்தமானி எவ்வளவு இறங்கியது என்று துண்டு துண்டாகச் சேர்த்தார்.

திருத்தம் எப்போதும் மேல்நோக்கியே போகவில்லை. 1969இன் கமீல் புயல் கரையேறியபோது காற்றின் வேகம் மணிக்கு 305 கிலோமீட்டர் என்பது ஊரறிந்த கணக்கு. 2014இல் அதை 280 ஆகக் குறைத்தார்கள். பெயர்போன புயலின் மகுடத்தில் கைவைக்கத் துணிந்ததால்தான் இந்த முறைமீது எனக்கு நம்பிக்கை வருகிறது.

ஆனால் இருப்பதைத் திருத்தலாம், யாரும் பார்க்காத புயலை எங்கிருந்து கொண்டுவருவது? செயற்கைக்கோளுக்கு முன் நடுக்கடலில் புயலுக்குச் சாட்சி கப்பல்தான். பனாமா கால்வாய் 1914இல் திறந்ததும் கப்பல் தடங்கள் மாறின. உலகப்போர்க் காலத்தில் போக்குவரத்து சுருங்கியது. எச்சரிக்கை கிடைக்கத் தொடங்கியதும் மாலுமிகள் விலகிப் போனார்கள்; உயிர் தப்பியது, பதிவு தப்பவில்லை. 19ஆம் நூற்றாண்டோடு ஒப்பிட்டு அட்லாண்டிக்கில் புயல்களின் எண்ணிக்கை கூடிவிட்டது என்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். விடுபட்டவற்றை மதிப்பிட்டுச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் அந்த ஏற்றம் பெருமளவு கரைந்துபோனது. புவி சூடாவதற்கு இது மறுப்பு ஆகாது. எண்ணிக்கை வேறு, வலிமை வேறு.

இன்னொரு குறை நுட்பமானது. 1851 முதல் 1885 வரை நடுக்கடலில் புயலின் இருப்பிடம் சுமார் 220 கிலோமீட்டர் பிசகலாம் என்று மறுஆய்வுக் குழுவே எழுதியிருக்கிறது. சென்னையில் இருந்த புயலை மயிலாடுதுறையில் வைப்பதற்கு ஒப்பானது அது. ஆனால் பட்டியலில் 1860ஆம் ஆண்டுப் புயலுக்கும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம் என்று துல்லியமான எண்கள் நிற்கின்றன. பிழை அளவு குழுவின் கட்டுரையில் இருக்கிறது. கோப்பை இறக்கிப் படம் வரைபவர்களில் எத்தனை பேர் கட்டுரையைப் படிப்பார்கள்? போதாததற்கு, இந்த மறுஆய்வு ஆண்டு வரிசையில் நகர்கிறது. திருத்திய ஆண்டும் திருத்தாத ஆண்டும் சந்திக்கும் இடத்தில் தெரியும் மேடுபள்ளம், கடலின் மாற்றமா எழுத்தரின் மாற்றமா என்று பிரிப்பது லேசல்ல.

இனி நம் கடலுக்கு வருவோம். 'சைக்ளோன்' என்ற சொல்லையே கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன்தான் 1840களில் உருவாக்கினார். ஆனால் பெயர் பிறந்த வங்கக்கடலில் பதிவு மெலிந்தது. இந்திய வானிலைத் துறையின் புயல் அட்லஸ் 1891இல் தொடங்குகிறது. தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என மூன்றே வகை. தனுஷ்கோடியை 1964இல் விழுங்கிய புயலும் சாதாரணத் தீவிரப் புயலும் அதில் ஒரே பெட்டிக்குள் அடங்கும். பக்கவாட்டில் இன்னொரு சிக்கல்: இந்தியத் துறை மூன்று நிமிடக் காற்றின் சராசரியை எடுக்கிறது, அமெரிக்கக் கூட்டு எச்சரிக்கை மையம் ஒரு நிமிடச் சராசரியை. ஒரே புயலுக்கு இரண்டு வேகம். இரண்டையும் கலந்து வரைபடம் போடுபவர்களும் உண்டு. இங்கே விமானம் புயலுக்குள் வழக்கமாகப் பறந்ததுமில்லை. மேகத்தின் வடிவத்தை வைத்து வலிமையைக் கணிக்கும் துவோரக் முறையையே பெரிதும் நம்பியிருக்கிறோம்.

ஆகவே அட்லாண்டிக்கின் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. பார்டகாஸ் செய்த வேலையை மட்டும் செய்யலாம். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் வானிலைக் குறிப்புகள் 1796இலிருந்து தொடங்குகின்றன. 1882இல் தொடங்கிய 'சுதேசமித்திரன்' ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலோர ஊர்களைப் பற்றி என்ன எழுதியது என்று ஒருவர் உட்கார்ந்து புரட்டலாம். எந்த ஊரில் எந்த நாழிகையில் காற்று வடக்கிலிருந்து தெற்குக்குத் திரும்பியது என்ற ஒரு வரி அகப்பட்டால்கூட, வரைபடத்தில் ஒரு புள்ளி நகரும். நகர்த்துபவர் பழைய புள்ளியை அழிக்காமல், பக்கத்தில் காரணத்தையும் பிழை அளவையும் எழுதி வைக்கட்டும். அடுத்துத் திருத்த வருபவருக்கு அது வேண்டும்.