கூலப் பெயர்களும் ஓனோவின் கொள்கையும்

அலங்காநல்லூரில் தைத் திங்கள் மூன்றாம் நாள் ஏறுதழுவுதல் காண்போர் சப்பானை நினையார். தைப்பொங்கலையும் சப்பானியரின் ‘கொசோகத்சு’ என்னும் சிறுபுத்தாண்டையும் இணைத்து நோக்கியவர் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008). கி.மு. முதலாயிரத்தாண்டில் நெல்வேளாண்மையும் அதற்குரிய சொற்களும் தமிழ்நிலத்தினின்று அந்நாட்டை அடைந்தன என்பது அவர் கொள்கை. தமிழ்ப்பற்றுடையார்க்கு இஃது இனிக்கும். இனிப்பதனாலேயே கடுமையாக ஆராய்தல் வேண்டும்.

அரிசியைக் குறிக்கும் ‘கொமெ’ என்பதனை, இடித்தற்பொருளுடைய ‘குமை’யோடு அவர் ஒப்பிட்டார். பொருளியைபு உண்டு, இடித்து உமி நீக்கியதே அரிசி. ஆயின் தமிழில் ‘குமை’ வினையாக நிற்பதன்றி அரிசிக்குப் பெயராய் நின்றதில்லை. பயிரொடு பெயரும் கடல் கடந்ததாயின், ‘நெல்’, ‘அரிசி’ என்பனவன்றோ முதலில் சென்றிருத்தல் வேண்டும்?

நெற்பயிருக்குச் சப்பானியர் வழங்கும் பெயர் ‘இனெ’. இதன் ஈற்றசை ‘நெல்’லை நினைவூட்டும் என்பார் உளராயின், தொகைச்சொற்களை நோக்குக. நெற்கதிர் ‘இனஹொ’ எனப்படும். ‘இன’ என்பதே முந்தைய வடிவம். எகரம் பின்னர்த் தோன்றியது. அவ்வாறே தினைக்குரிய ‘அவா’ செவிக்கு ‘அவல்’ போன்றிருப்பினும், பழஞ்சப்பானியத்தில் அஃது ‘அபா’. இன்றைய ஒலியை நம்பி ஒப்பிடுதல் இருபுறத்தும் வழுவாகும்.

விழாநாள் பற்றிய சான்றோ இன்னும் மெலிது. இரண்டும் சனவரி நடுவில் நிகழ்தல் மெய்யே. ஆனால் சப்பானியர் மேனாட்டு நாட்காட்டியைக் கைக்கொண்டது 1873இல். அதற்கு முன்னர்ச் சிறுபுத்தாண்டு முதல் திங்களின் முழுமதிநாளை ஒட்டியது. ஆண்டுதோறும் இடம் பெயர்வது. பொங்கலோ ஞாயிறு மகரம் புகும் நாள். இவ்விரண்டின் இன்றைய ஒருமை, அண்மைக்கால அரசாணையின் விளைவேயாம்.

ஓனோவின் உழைப்பை எள்ளுதல் தகாது. பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பகராதியைச் சப்பானியச் சொற்களோடு வரிசையாக ஒப்புநோக்கியவர் அவர். யாழ்ப்பாணத்து அறிஞரோடும் சென்னை அறிஞரோடும் கூடி உழைத்தவர். எனினும் நீர்ப்பாய்ச்சு நெல்வேளாண்மை சப்பானின் கியூசூவுக்குக் கொரிய நிலத்தின் வழியே வந்தது என்பதே அகழாய்வாளர் முடிபு. அங்கு விளைவதும் குறுகிய பருமணி நெல்; யாங்சி ஆற்றுவெளியில் பழக்கப்பட்ட இனம். பழனியை அடுத்த பொருந்தலில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 5ஆம் நூற்றாண்டு எனக் கணிக்கப்பட்டுள்ளது. அது தமிழர் உழவின் பழமைக்குச் சான்று. சப்பானியர் உழவின் பிறப்பிடத்திற்குச் சான்றன்று.