மைனருக்கு மட்டுமா மதி வந்தது?

எளாவூரில் ரயிலேறிப் பொன்னேரி கல்லூரிக்குப் போகும், அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. திட்டம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரில். 1989-ல் அது கல்யாண உதவி. 2022-ல்தான் உயர்கல்விக்கு மாறியது.

அம்மையாரோட 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' (1936) நாவலிலும் இப்படியொரு பிசகு இருக்கு. தலைப்பு மைனருக்கு மதி வந்த கதை என்கிறது. உள்ளே வேலை செய்வதெல்லாம் தாசி குலத்துப் பெண்கள். பொட்டுக்கட்டுவதை எதிர்த்துக் கூட்டம் சேர்ப்பதும் அவர்களே. அந்த வாழ்க்கையைச் சின்ன வயசிலேயே பார்த்தவர், அதனால் காசு கறக்கும் தந்திரங்களை எழுதும்போது கை தடுமாறவில்லை. அங்கேதான் நாவல் ஓடுது. கூட்டப் பேச்சுகள் நீளம்தான், பிரசங்கம்தான். ஆனா அந்தப் பெண்கள் தங்களுக்காகத் தாங்களே பேசுவதும் அங்கேதான். முதல் வாசிப்பில் நான் தாண்டிப்போன பக்கங்கள் அவை.