தந்தை வழி வந்த யாழ்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டிங்கா மக்களிடையே வரலாறு ஏட்டில் மட்டும் வாழ்வதில்லை. பாணரின் நாவிலும் வாழ்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவின் கதையையும், பெருங்குடிகளின் வழிமரபையும் மனனம் செய்து பாடுவோர் 'கிரியோ' எனப்படும் அப்பாணர்கள். அவர்களின் கருவிகளுள் தலையாயது கோரா. சுரைக்குடுக்கையைப் பாதியாக அறுத்து, மாட்டுத்தோல் போர்த்து, நீண்ட மரத்தண்டு பொருத்தி, 21 நரம்புகள் கட்டிய யாழ் அது. இரு கைகளின் பெருவிரல்களும் சுட்டுவிரல்களுமே அதனை மீட்டுகின்றன.

இந்த யாழ் தந்தையிடமிருந்து மைந்தனுக்கே சென்றது. பாணர் குலப் பெண்டிர் பாடுவர். கோராவை மீட்டுவதோ ஆடவர்க்கே உரியதாயிருந்தது. இவ்வழக்கைக் கடந்தவர், 1983இல் லண்டனில் பிறந்த சோனா ஜோபார்த்தே. காம்பியாவின் பெரும்புகழ்க் கலைஞர் அமது பன்சாங் ஜோபார்த்தே இவருடைய பாட்டனார். முதலில் தமையனிடமும், பின்னர்த் தந்தை சஞ்சலியிடமும் இவர் கோரா பயின்றார். மேலை இசையையும் கல்லூரியில் முறையாகக் கற்றார். பாடகர், கிதார்க் கலைஞர், திரைப்பட இசையமைப்பாளர், ஆசிரியர் என இவர்தம் பணிகள் பலவாயினும், அவற்றின் வேர் கோராவே.

2011இல் வெளிவந்த 'ஃபாசியா' இசைத்தொகுப்பை நாம் உயர்வாக மதிக்கிறோம். மீண்டும் மீண்டும் சுழன்று வரும் அடிப்படைப் பண், அதன்மேல் பொழியும் விரைவுச் சுரங்கள் என்னும் கோராவின் இரு கூறுகளும் அதில் நிறைகுன்றாமல் ஒலிக்கின்றன. 2022இல் வந்த 'படின்யா கூமோ'வைக் குறித்து நமக்குச் சிறிது தயக்கம் உண்டு. யூசூ நுதூர், பலாக்கே சிசோக்கோ போன்ற பெருங்கலைஞர்கள் அதில் இணைந்துள்ளனர். சிசோக்கோவின் கோராவோடு இவர் கோரா உரையாடுமிடம் இனிது. ஆனால் பிற கருவிகள் மிகுமிடங்களில், விருந்தினர் நிறைந்த வீட்டில் இல்லத்தாரின் குரல் தாழ்ந்துவிடுவதுபோல், கோரா பின்னே ஒதுங்குகிறது.

எனினும் இவருடைய தலைசிறந்த ஆக்கம் இசைத்தட்டில் இல்லை என்பதே நம் துணிபு. 2015இல் காம்பியாவில் இவர் ஒரு கல்விக்கூடத்தை நிறுவினார். அங்கே சிறுவரும் சிறுமியரும் பொதுக்கல்வியோடு தம் மண்ணின் இசையையும் பயில்கின்றனர். சோனா கோரா மீட்டியது ஒரு பெண்ணின் வெற்றி; அப்போதும் அது ஒரு குலத்துக்குள்ளேயே நின்றது. பள்ளியோ குலத்தின் கதவையே திறந்துவிட்டது.

காம்பிய மக்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இசைக்கருவிகள் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குத் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. இங்கு எழும் வினா வேறு: முன்னோர் விட்டுச்சென்ற அறிவு மைந்தருக்கு மட்டுமே உரிய சொத்தா? சொத்தில் பெண்ணுக்கும் பங்கு வகுத்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், அறிவில் அவள் பங்கை மறுத்தல் தகுமா? நம் இல்லத்துப் பெண்மக்களை எண்ணி இவ்வினாவுக்கு விடை காண்பது நம் கடமையாகும்.