ஆண்பனை செய்த குற்றம்

பெரிய புராணத்தில் அற்புதங்கள் அநேகம். பயிர் செய்கிறவனின் கவலையிலிருந்து நேராகப் பிறந்த அற்புதம் ஒன்றைச் சொல்லச் சொன்னால், திருவோத்தூரில் ஆண்பனைகள் காய்த்த கதையைத்தான் நான் சொல்லுவேன். இன்று செய்யாறு என்று வழங்குகிற ஊர் அது. சிவனடியார் ஒருவர் பனைகளை நட்டு வளர்க்கிறார். வளர்ந்தவை எல்லாம் ஆண்பனைகளாகப் போகின்றன. இவற்றைக் காய்க்க வைக்க வழி உண்டா என்று சமணர்கள் சிரிக்கிறார்கள். அவர் ஞானசம்பந்தரிடம் போய்ச் சொல்லுகிறார். சம்பந்தர் பதிகம் பாடுகிறார். பனைகள் குலை தள்ளுகின்றன. சமணரில் சிலர் கமண்டலத்தை உடைத்துக்கொள்கிறார்கள். சிலர் நாட்டை விட்டே போய்விடுகிறார்கள்.

இந்தக் கதையைப் பற்றிச் சைவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் பேசுவது பதிகத்தின் மகிமையை. பகுத்தறிவுவாதிகளும் பேசியிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது இப்படி நடக்குமா என்று. இரு தரப்பாருமே கதையைக் கதையாகப் படிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். நான் படிக்கும் இடமும் சற்று வேறு. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் உள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பழைய மல்லிநாதர் கோயிலும், பெரிய பார்சுவநாதர் கோயிலும் இங்கே இருக்கின்றன. வந்தவாசி வழியாக வடக்கே போனால் செய்யாறு. கதையில் தோற்றுப்போனவர்களின் ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஜெயித்தவர்களின் கதையைப் படிப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கைதட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

முதலில் அந்தத் தொண்டருடைய துக்கம். கதையின் உயிர் அதில்தான் இருக்கிறது. பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆணை அலகுப்பனை என்றும் பெண்ணைப் பருவப்பனை என்றும் சொல்லுவார்கள். கொட்டையைப் பார்த்தாலும் தெரியாது, வடலியைப் பார்த்தாலும் தெரியாது. பன்னிரண்டு, பதினைந்து வருஷம் காத்திருந்து, மரம் பாளை விட்ட பிறகுதான் தெரியும். விரல் விரலாக நீண்டு பொடிப்பூ நிறைந்த பாளை வந்தால் ஆண். குரும்பை வைத்தால் பெண். தென்னை வைத்தவனுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. ஒரே மரத்தில் இரண்டு பூவும் உண்டு. பனை வைத்தவன் தன் இளமையைக் கொடுத்துவிட்டு, நடு வயதில் விடையைத் தெரிந்துகொள்கிறான். அப்போதும் அவன் சாமிக்கென்று வைத்தது அவ்வளவும் ஆண் என்றால், பக்கத்து வீட்டுக்காரன் சிரிக்காமலே அவனுக்கு நெஞ்சு வெடித்திருக்கும். இந்தப் பதினைந்து வருஷத்தை வைத்து ஒரு நாவலே எழுதலாம். சேக்கிழார் அதைச் சில பாட்டுக்களில் சொல்லிவிட்டுப் போகிறார். அது காவியகர்த்தாவின் சலுகை.

ஆனால் ஒரு கேள்வி. ஆண்பனை அப்படி என்ன குற்றம் செய்துவிட்டது? அதன் பாளையை இடுக்கியால் நசுக்கி நுனியைச் சீவிக் கலயம் கட்டினால் பதநீர் வரும். பெண்பனையில் வருவதுபோலவே வரும். ஓலை வரும், மட்டை வரும், உத்தரத்துக்குக் கட்டை வரும். சிரித்த சமணனுடைய சாஸ்திரமும், சிரிப்பைப் பதிவு செய்த சேக்கிழாருடைய புராணமும் எழுதப்பட்டது பனை ஓலையில். எழுத்தாணி ஓலையைப் பார்த்து நீ ஆணா பெண்ணா என்று கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்பாளையின் மகரந்தம் காற்றிலோ பூச்சியின் காலிலோ ஏறி வந்து சேர்ந்தால்தான் பெண்பனையில் விதை பிடிக்கும். ஊர்ப் பனை முழுவதையும் பெண்ணாக்கிவிட்டால் அடுத்த தலைமுறைக்குக் கொட்டை எங்கே? இதைத் தெரிந்துகொள்ளத் தாவர சாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை. பேரீச்சையின் ஆண்பூவைக் கொண்டுபோய்ப் பெண்பூவில் கட்டும் வழக்கம் மெசபடோமியாவில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக உண்டு. தாவரங்களுக்கு ஆண் பெண் உண்டு என்று ஐரோப்பாவில் கமராரியுஸ் பரிசோதனை செய்து எழுதியது 1694-ல்.

எங்கள் ஊரில் நயினார் ஒருவர் இருக்கிறார். வயதானவர், நல்ல விவசாயி. திருவோத்தூர்க் கதை அவருக்குத் தெரியும். கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. ஒரு தடவை பேச்சு வந்தபோது, "ஆம்பளப் பனை நாலு, பொம்பளப் பனை நாலு நின்னாத்தான் தோப்பு, தம்பி. நான் என்ன பொறுக்கியா நட்டேன்? கொட்டையைப் போட்டேன். அதது அததா வந்துச்சு" என்றார். விமர்சனம் என்று நான் இத்தனை பக்கம் எழுதுவதை அவர் இரண்டு மூச்சில் சொல்லிவிட்டார். ஆனாலும் எழுத்தாளனுக்கு எழுதித்தானே ஆக வேண்டும்!

இப்போது மூலத்தைப் பார்க்கலாம். சம்பந்தருடைய திருவோத்தூர்ப் பதிகம் முதல் திருமுறையில் ஐம்பத்து நான்காவது. சேக்கிழாரைப் படித்துவிட்டு இதைத் திறக்கிறவன் ஏமாந்து போவான். பனைக்காகப் பாடிய பாட்டு என்று நினைத்தால், பனை வருவது கடைசிப் பாட்டில், ஒரே ஓர் அடியில். மற்றவை சிவனுடைய கோலத்தையும் செயலையும் பேசுகின்றன. மகரந்தம் நிறைந்த கொன்றை ஒரு பாட்டில் வந்து போகிறது. வழக்கம்போல் பத்தாவது பாட்டில் சமணருக்கும் பௌத்தருக்கும் வசை. சண்டை இல்லை, சவால் இல்லை, சிரித்தவர்கள் இல்லை. அந்த ஒரே அடியிலும் சம்பந்தர் சொல்வது என்ன? ஓத்தூரில் ஆண்பனை குலை ஈன்றது என்பதுதான். ஆண்பனை பெண்பனையாக மாறிற்று என்று அவர் சொல்லவில்லை. சேக்கிழார் அந்த ஜாக்கிரதையைக் கைவிட்டுவிட்டார். ஆண்பனை காய்த்துப் பழுத்ததாகவும் சொல்லுகிறார், அவை பெண்பனை ஆனதாகவும் சொல்லுகிறார். பெண்ணாக்கினார் என்பதைத்தான் பிற்காலத்துப் பிரசங்கிகளும் கதைசொல்லிகளும் பிடித்துக்கொண்டார்கள்.

இது வார்த்தைச் சண்டை அல்ல. ஆணாகவே இருந்துகொண்டு காய்த்தது என்றால், இல்லாத ஒன்று கூடுதலாக வந்தது என்று பொருள், கருணை. பெண்ணாக்கிவிட்டார் என்றால், இருந்த ஒன்று குறையென்று நீக்கப்பட்டது என்று பொருள்; திருத்தம். கவி முதலாவதைச் சொன்னான். ஊர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. ஊருக்கு எப்போதும் காய் வேண்டும்.

அந்த ஆசையை இன்று விஞ்ஞானம் ஓரளவு பூர்த்தி செய்துகொண்டிருக்கிறது. அதன் வழி வேடிக்கையானது. ஆண் பப்பாளி மரத்தில் ஆணி அடித்தால் காய்க்கும் என்று நம்மூரில் அடித்துப் பார்ப்பார்கள். பருவம் மாறும்போது ஆண் பப்பாளி தானாகவே சில சமயம் காய்த்துவிடும். பெயர் ஆணிக்குப் போகும். அது கிடக்கட்டும். வெள்ளரியில் பெண்பூ மட்டுமே பூக்கிற ரகங்கள் உண்டு. ஆண்பூவே இல்லாத செடியின் வம்சத்தை எப்படி வளர்ப்பது? இளஞ்செடியின்மேல் வெள்ளி உப்புக் கரைசலைத் தெளிக்கிறார்கள். செடிக்குள் பெண்பூவைத் தூண்டுகிற எத்திலீன் வாயுவின் வேலையை வெள்ளி தடுத்துவிடுகிறது. பெண்செடி சில நாள் ஆண்பூப் பூக்கிறது. அந்த மகரந்தத்தை எடுத்து இன்னொரு பெண்பூவில் தடவினால், வருகிற விதை அநேகமாக அத்தனையும் பெண். இருபக்கமும் பெண்ணாக இருக்கும்போது ஆண்கூறு எங்கிருந்து வரும்?

கஞ்சாச் செடிக்கும் இதே வித்தைதான். அதிலும் ஆண் வேறு, பெண் வேறு. வளர்க்கிறவனுக்கு வேண்டியது விதை பிடிக்காத பெண்பூ. ஆகவே ஆண் அவனுக்குச் சத்துரு. கஞ்சா பற்றி 1893-94-ல் வெள்ளைக்கார சர்க்கார் ஒரு கமிஷன் வைத்து விசாரித்தது. வங்காளத்தில் நவ்காவ் பக்கத்து வயல்களில் ஆண்செடியைக் கண்டுபிடித்துப் பிடுங்குவதற்கென்றே ஓர் ஆள் உண்டு. கஞ்சா டாக்டர் என்று அவனைச் சொல்லுவார்கள். இப்போது நம் தேசத்தில் 1985-ம் வருஷத்துச் சட்டப்படி கஞ்சா பயிரிடுவது குற்றம். அனுமதி உள்ள வெளி தேசங்களில் வீட்டுத் தோட்டக்காரர்களே மகரந்தம் சேகரித்துப் பெண்விதை செய்துகொள்கிறார்களாம். டாக்டருக்கு வேலை போய்விட்டது. ஆண் பிறந்தால்தானே பிடுங்குவதற்கு!

இதில் கதை எழுதுகிறவன் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஆணே வேண்டாம் என்று தீர்மானித்தவனுக்கும் மகரந்தம் வேண்டியிருக்கிறது. அதைப் பெண்ணின் உடம்பிலிருந்தாவது வரவழைத்தாக வேண்டியிருக்கிறது. திருவோத்தூரில் ஆண் காய்த்தது. இங்கே பெண் பொடி சொரிகிறது. எந்தப் பக்கம் பிடித்துத் தள்ளினாலும், வேண்டாம் என்று தள்ளினது வேறு வேஷத்தில் திரும்பி வந்து நிற்கிறது. தெய்வமானாலும் வெள்ளி உப்பானாலும் அதன் இடத்தில் வேறொன்றை வைக்க முடிந்ததே தவிர, அந்த இடத்தை அழிக்க முடியவில்லை.

சேக்கிழாரிடம் திரும்புகிறேன். அவரை நான் பெரிய கலைஞர் என்று மதிப்பது இந்தக் கதையில் காய்த்த இடத்துக்காக அல்ல. காய்த்த பிறகு வரும் ஒரு பாட்டுக்காக. சம்பந்தருடைய வாக்கில் இடம் பெற்றதால் அந்தப் பனைகள் தங்கள் ஆயுள் முடிந்ததும் பிறவி ஒழிந்து சிவத்தைக் கூடின என்கிறார். கதைக்கு இது அவசியமே இல்லை. எதிரி தோற்றாயிற்று, கூட்டம் கலைந்தாயிற்று. மற்றவர்கள் எல்லோரும் ஜெயத்தைக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, அவர் ஒருவர்தான் மரங்களுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்க்கிறார். சாட்சிக் கூண்டில் ஏற்றி இறக்கிய பிறகு மறந்துவிடக் கூடிய பாத்திரம் அது. மறக்காதவன் கலைஞன்.

மரத்துக்கு ஆத்மா உண்டு, அது பிறவியில் கட்டுண்டது, கட்டிலிருந்து விடுபடும் என்று சேக்கிழார் எழுதும்போது, யாருடைய பாஷையைப் பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். புல்லும் மரமும் ஓரறிவு உயிர் என்று தொல்காப்பியம் மரபியலில் சொல்லியிருக்கிறது. அந்த ஓரறிவு உயிரின் கணக்கைத் தினசரி வாழ்க்கையில் வைத்துக்கொண்டு, கிழங்கைத் தின்னாமல், பொழுது சாய்ந்தபின் உண்ணாமல் இருக்கிறவர்கள் சமணர்கள். அவர்களைத் துரத்திய கதையின் கடைசியில் அவர்களுடைய கருணையே வந்து உட்கார்ந்திருக்கிறது.

வித்தியாசமும் இருக்கிறது. தமிழ்ச் சமணர்கள் திகம்பரர்கள். ஓரறிவு உயிர் பல பிறவி ஏறி மனிதனாக வந்துதான் வீடு பெற முடியும். பெண்ணாகப் பிறந்தாலும் அடுத்து ஆணாக வந்த பிறகே வீடு என்பது அவர்கள் சித்தாந்தம். பனைகளோ காய் சுமந்தபடியே, மரமாக இருந்தபடியே விடுதலை அடைகின்றன. வாதத்தில் சைவம் இங்கேதான் உண்மையில் ஜெயித்தது என்பேன். குலை தள்ளியபோது அல்ல. ஆனால் இந்த வாதத்தைச் சேக்கிழார் வாதமாக எடுத்து நடத்தவில்லை. எதிரில் நின்ற சமணனுக்கு ஒரு நல்ல வசனம் கூடக் கொடுக்கவில்லை. ஓரறிவு உயிருக்கு இரங்குகிறவன், காய்க்கவில்லை என்று ஒரு மரத்தைப் பார்த்துச் சிரிப்பானா? சிரித்திருந்தால் அவன் தன் மதத்துக்கே துரோகி. அப்படிப்பட்ட ஒருவன் மனத்துக்குள் போய்ப் பார்க்க எவ்வளவு இருக்கிறது! சேக்கிழார் போகவில்லை. சோழ அரசன் சமண காவியமான சிந்தாமணியில் மயங்கிக் கிடந்ததால்தான் பெரிய புராணம் எழுந்தது என்று உமாபதி சிவம் சொல்லுகிறார். எதிராளியின் புத்தகத்தை மறக்கடிப்பதற்காக எழுத உட்கார்ந்தவன் எதிராளிக்கு வசனம் எழுத மாட்டான்.

இந்தக் குறை சைவருக்கு மட்டும் சொந்தம் அல்ல. சமணருடைய நீலகேசியில் பழையனூர்ப் பேய் ஒருத்தி சமணத்தைத் தழுவி, ஊர் ஊராகப் போய் மற்ற மதத்தாரை எல்லாம் வாதில் வெல்லுகிறாள். பெண்ணை இவ்வளவு கெட்டிக்காரியாகக் காட்டிய நூல், அவளிடம் தோற்பவர்களைக் கெட்டிக்காரர்களாகக் காட்ட மனம் கொள்ளவில்லை. நம் வாதக் கதைகள் எல்லாமே பெண்பனை மட்டும் வேண்டும் என்கிற தோப்புக்கள். தன் பக்கத்துக் காய் தெரிகிறது. எதிர்ப் பக்கத்திலிருந்து வரும் பொடி இல்லாமல் அது காய்த்திராது என்பது தெரிவதில்லை. சிந்தாமணி இல்லாவிட்டால் பெரிய புராணம் ஏது?

திருவோத்தூரிலிருந்து சிலர் போய்விட்டார்கள் என்கிறது புராணம். போகாதவர்களும் இருந்தார்கள் என்பதற்கு இந்த வட்டாரத்துக் கிராமங்களே சாட்சி. சித்திரையில் மேல்சித்தாமூரில் தேர் ஓடுகிறது. வரப்புக்களில் இரண்டு ஜாதிப் பனையும் நிற்கின்றன. 2021-ல் சர்க்கார் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தபோது, ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. அந்த மட்டுக்கு சர்க்கார், நம் பிரசங்கிகளைவிடச் சம்பந்தருக்குக் கிட்டே இருக்கிறது.